வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

புதன்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் அப்பாவும்தான். உன் இருமல் நின்றதா? போனில் பேசும்போது நீ இருமலை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. வெந்நீர் குடி. அந்த மெல்லிய போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு.

ஒரு செய்தி. உன் அம்மா ஓவியர் ஆகிவிட்டாள். சிரிக்காதே. நூலகத்துக்கு மேல்மாடியில் ஓவியக்கூடம் இருக்கிறதல்லவா, அங்கே சனிக்கிழமை காலை உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி திறக்கிறார்கள். இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு படம். பதினேழாம் எண் என்னுடையது. எனக்கு இடப்பக்கம் பல் டாக்டர்; படகைத் தவிர வேறெதுவும் அவர் கைக்கு வராது. வலப்பக்கம் தையல்கடைக்காரி. அவள் வரைந்த பூனைக்கு அச்சு அசலாக அவள் மாமியார் முகம். அந்த அம்மாள் வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று நாங்கள் எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கிறோம்.

நான் வரைந்தது ஒரு கதவு. உன் அறைக் கதவுதான். நம் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே வரைந்தேன். அந்தப் பச்சை, கீழே உன் சைக்கிள் இடித்த வடு, வெளிப்பக்கம் இருக்கிற தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிறது. தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது. இதைப் படிக்கும்போதே உன் முகம் மாறியிருக்கும். கிழித்துவிடாதே, மேலே படி.

எங்கள் ஓவியர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படங்களைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் குறை சொல்ல வேண்டும். வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எது பெரிய குறையோ அதைத் தலைவர் ஒரு சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டுவார். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தலாம். திருத்தாவிட்டால், திறப்பு நாளன்று வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் சீட்டைப் படிப்பார். படத்துக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர். எல்லாப் படத்தையும் மூக்கு உரசுகிற மாதிரி பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

நேற்று என் முறை வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது, நிழல் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பூதக்கண்ணாடி குனிந்து பார்த்துவிட்டு, படுக்கையறைக் கதவுக்கு யாராவது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பார்களா, உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர், அது மாமியாருக்கான அறையாக இருக்கும் என்று தையல்கடைக்காரியைப் பார்த்துச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி நேற்று எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

திருத்துவது ஒரு நிமிட வேலை. கொஞ்சம் பச்சையைக் குழைத்து மேலே பூசினால் தாழ்ப்பாள் போய்விடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் அப்பா என் படத்தை இன்னும் பார்க்கவில்லை. ஓவியக்கூடத்திலேயே வரைந்து அங்கேயே வைத்திருக்கிறேன். என்ன படம் என்று கேட்டார். கதவு என்றேன். கதவையெல்லாமா வரைவார்கள் என்று சிரித்தார். ஆனால் சனிக்கிழமைக்கு லீவு போட்டாயிற்று. டிப்போவில் எல்லா டிரைவர்களிடமும் சொல்லியாயிற்று. இன்று காலையிலேயே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார்.

அந்தத் தாழ்ப்பாளால்தானே ஏழு வருஷமாக நீ அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைப் படத்தில் பார்க்கப் போகிறார் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. பூதக்கண்ணாடி கேட்கும் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல என்னால் முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வரை நேரம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

புதன்கிழமை எழுதியதைத் தபாலில் போடவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு இதைப் படி.

வெள்ளிக்கிழமை மாலை ஓவியக்கூடத்துக்குப் போனேன். பச்சையைக் குழைத்தேன், தூரிகையைத் தோய்த்தேன். பக்கத்தில் தையல்கடைக்காரி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். குழைத்த பச்சை காய்ந்துபோகும் வரை நின்றிருந்துவிட்டு, பூசாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இதைத் தைரியம் என்று எண்ணிவிடாதே. ஒரு தடவை மறைத்ததையே மறுபடியும் மறைப்பதா என்று இருந்தது. கை வரவில்லை.

சனிக்கிழமை நல்ல கூட்டம். தையல்கடைக்காரியின் மாமியார் பூனையைப் பார்த்து, எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாள். உன் அப்பா முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியை எடுக்கும் முன்னால் சுற்றி வந்து டயர் டயராகப் பார்ப்பாரே, அதே நிதானம். பதினேழாவது படத்துக்கு வந்தார். நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காதுமடல் சிவந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பூதக்கண்ணாடி மணியடித்தார். திருத்தாத படங்கள் இரண்டே இரண்டு. பல் டாக்டரின் படகுக்கு நிழல் தப்பான பக்கம் விழுகிறதாம். என் கடலில் சூரியன் என் இஷ்டப்படிதான் உதிக்கும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது நான். படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது, கட்டட முறைப்படி இது தவறு என்று பூதக்கண்ணாடி சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன.

அப்போது உன் அப்பா கூட்டத்துக்குள்ளிருந்து பேசினார். "படத்துல தப்பு இல்லைங்க. அது எங்க வீட்டுக் கதவு. தாழ்ப்பாளை அப்படி மாட்டினது நான்தான்."

எதற்கு அப்படி மாட்டினீர்கள் என்று பூதக்கண்ணாடி விடவில்லை. மகள் ஊரில் இல்லாத நாட்களில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, அதற்காக மாட்டினேன் என்றார். அது சத்தியமான வார்த்தை. நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் மாட்டியதுதான் அது. ஆனால் அங்கே யாரும் நம்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, இந்த மனிதர் யாரைப் பூட்டி வைத்தாரோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். படத்துக்குப் பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றேன். மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கே சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ வேலைக்கான நேர்காணலுக்குப் புறப்பட இருந்த அன்று தாழ்ப்பாளைப் போட்டது நான்.

முந்தின நாள், அவ்வளவு தூரத்தில் ஒரு வேலை எதற்கு என்று அவர் உன்னிடம் சத்தம் போட்டது உண்மை. ஆனால் விடியற்காலை டூட்டிக்குக் கிளம்பும்போது, அவள் போகட்டும், நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன், வழிச்செலவுக்கு மட்டும் கொடுத்து அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் உன் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். நீயும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்று ஒரு பயம் வந்தது பார், கை தானாகப் போயிற்று என்று எழுத வந்தேன். அது பொய். தெரிந்தேதான் போட்டேன். நீ கதவைத் தட்டினாய். அப்பா, திறங்க அப்பா என்று கத்தினாய். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பஸ் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு வந்து திறந்தேன். அப்பா போட்டுவிட்டுப் போயிருக்கிறார் போல, நான் இப்போதுதான் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன்.

அன்று மாலை இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நீ அவரைப் பார்த்துக் கத்தியபோது, அவர் என்னைத்தான் பார்த்தார். அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஏழு வருஷமாக அவர் அதைப் பற்றி என்னிடம்கூட வாயைத் திறந்ததில்லை. நானும் உன் பாசத்தை முழுசாக எனக்கே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டேன், ஏன் இத்தனை நாள் அவளிடம் சொல்லவில்லை என்று. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேர் மேலயும் கோபம்னா, அப்புறம் அவ யாருக்குப் போன் பண்ணுவா?"

நான் அழுதேன். அவர் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நீயே எழுது என்றார். இந்த உறையை நான் ஒட்டவில்லை. அவர் படித்துப் பார்த்து, நான் எதையும் குறைத்து எழுதவில்லை என்று தெரிந்த பிறகு அவரே ஒட்டித் தபாலில் போடட்டும்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. கோபம் தீரும் வரை என்னோடு பேசாமல் இரு, அது நியாயம்தான். ஆனால் இந்த வாரம் நீ போன் செய்தால் நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். அவருக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை வைத்துவிடாதே, கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா