ஏரிப் படத்தின் பின்னட்டை

தை 14, ஞாயிறு.

பட்டணத்துக் கண்காட்சியில் என் நெமிலிச்சேரி ஏரிப் படம் விற்றது. வாங்கியவன் சபாபதி. ஓவியப் பள்ளியில் என்னோடு படித்து, எனக்கு வரவேண்டிய ஆசிரியர் வேலையைப் பறித்துக்கொண்டவன். “உன் கைவாகு இன்னும் போகலியேப்பா” என்றான். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், செத்துப்போன என் மனைவியின் படத்தைக் காணோம். நான் அட்டையில் வரைந்தது. அவளுக்கு வேறு படமே கிடையாது. பார்க்கத் தாளாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஏரிப் படத்துக்குச் சட்டம் அடித்த முனுசாமியிடம் ஓடினேன்.

“இன்னா சாமி, யுத்தத்துல அட்டை எங்க கெடைக்குது? செவுத்தோரம் கீறத பின்னால வச்சு அடின்னு நீதானே சொன்னே? ஏரிக்குப் பின்னால பத்ரமாத்தான் கீது.”

ஆமாம், அவள் படமும் அங்கே இருப்பதை மறந்து நான்தான் சொன்னேன். நாளை முதல் வண்டியில் போய் சபாபதியின் வாசலில் நிற்க வேண்டும். கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவான். அதுதான் தூங்கவிடவில்லை.