திருவாசி என்று எழுதியவளுக்கு

சனிக்கிழமை உன் அண்ணனின் பூஜைச் சாமான் கடைக்குள் நான் நுழைந்ததும் புளி வாசம் அடித்தது. பின்பக்கம் யாரோ பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே, சாமிக்குப் பின்னால் வைக்கும் திருவாசிகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே சாமி இல்லாத வெறும் வளைவுகள். நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. ஒரு விளக்கு வாங்கிக்கொண்டு, உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

கல்லாவில் உன் அண்ணன். பக்கத்தில் உன் மகள், ஊதுபத்திக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கலை வரலாறு படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இப்போது அவளைப் பார்த்துக்கொள்ளும் மாமா சரி என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

"வாங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க," என்றார் என்னைப் பார்த்ததும். "இவ அம்மாவுக்கே ஏறாத படிப்பு. இவளுக்கு எப்படிலா ஏறும்?"

உன் மகள் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே அடுக்கினாள். தலை நிமிரவில்லை. அவளும் அதை நம்புகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏறாத படிப்பு. உனக்கு.

குகை ஓவியத்திலிருந்து கோத்திக் தேவாலயம் வரை, கல்லூரியில் எடுத்த அந்தக் கலை வரலாற்றுப் பாடத்தை நாம் படித்தது பெரும்பாலும் ஃபெர்ரியில்தான். நீ தீவில் இருந்தாய், நான் அக்கரையில், பட்டர்வொர்த்தில். இருந்தும் கல்லூரி விட்டதும் என்னோடு ஏறி, பட்டர்வொர்த் வரை வந்துவிட்டு, அடுத்த ஃபெர்ரியில் தனியாகத் திரும்பிப் போவாய். கிரேக்கத் தூண்களை நான் மனப்பாடம் செய்து செய்து மறந்தேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். "டோரிக் மொட்டை, அயோனிக் ரெட்டைக் கொண்டை, கொரிந்தியன் தல நெறைய பூ வச்ச கல்யாணப் பொண்ணு. இதுல என்னடி கஷ்டம்?" இன்று வரை என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் கூட அப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கற்காலப் பெண் சிற்பம், வயிறும் மார்புமாக, முகமே இல்லாமல் திரையில் வந்த நாள் நினைவிருக்கிறது. "ஐயோ, எங்க பெரியத்தை," என்று என் காதில் சொன்னாய். நான் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, கையைத் தூக்கி விரிவுரையாளரிடம் கேட்டாய்: முகம் செய்யத் தெரியாமல் விட்டார்களா, அல்லது யாருடைய முகமாகவும் இருக்கட்டும் என்று விட்டார்களா? அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

தேர்வில் வந்தது ஒரு இடைக்காலத் தேவாலயத்தின் வாசல். கதவுக்கு மேலே கல்லில் செதுக்கிய கிறிஸ்து. அவர் உடம்பு முழுவதையும் சுற்றிப் பாதாம் பருப்பு வடிவத்தில் ஓர் ஒளி வளையம், அதற்கு வெளியே நான்கு உயிர்கள். அந்த வளையத்துக்கு 'மாண்டோர்லா' என்று பெயர். உனக்கு அந்த நேரத்தில் சொல் வரவில்லை. நீ பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த சொல் வந்தது. ஆங்கில எழுத்தில் 'திருவாசி' என்று எழுதிவிட்டு, விளக்கமும் எழுதினாய். ஒளி தலைக்கு மட்டும் இல்லை, முழு உடம்புக்கும். வாசலில் நிற்கிறவன் தான் அந்த ஒளிக்கு வெளியே நிற்கிறோம் என்று முதலில் உணர வேண்டும், அதனால்தான் அது உள்ளே இல்லாமல் கதவுக்கு மேலே இருக்கிறது என்று.

இரண்டும் ஒன்றல்ல. நானும் இதைத்தானே கற்பிக்கிறேன், எனக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்கு மதிப்பெண் குறைத்திருக்கலாம். விரிவுரையாளர் பத்தி முழுவதையும் சிவப்புக் கோட்டால் அடித்திருந்தார்.

கேட்கப் போனோம். அவர் நம்மவர். நெற்றியில் காலையில் பூசிய விபூதி அழியாமல் இருந்தது. "சார், திருவாசின்னா..." என்று நீ ஆரம்பித்தாய்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெரியும். தெரிஞ்சதாலதான் அடிச்சேன்," என்றார். "இந்தப் பேப்பர வெளிய அனுப்பி மறுபடி பாப்பாங்க. தமிழ் வாத்தியாரு தமிழ்ப் பிள்ளைக்குக் கோயில் வார்த்தைக்கெல்லாம் மார்க் போட்டான்னு அவங்க சொல்லவா? போம்மா."

தெரியாதவர் அடித்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். வாராவாரம் திருவாசிக்கு எதிரே கைகூப்பி நிற்கிற மனிதர் அவர். யாரோ தன்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக உன்னைக் குறைத்துவிட்டார்.

அந்த மதிப்பெண் இல்லாமல் பாடத்தில் நீ தவறினாய். மறு தேர்வு எழுதலாம் என்றார்கள். நீ எழுதவில்லை. ஃபெர்ரியில் சிரித்துக்கொண்டே வந்தாய். "திருவாசின்னு ஒரு இத்தாலிக்காரன் இருந்தான்னு நெனச்சுக்கட்டும்லா." அதற்கப்புறம் தொழிற்சாலை, கல்யாணம், குழந்தை. யார் கேட்டாலும் "நமக்குப் படிப்பு ஏறலக்கா" என்று நீயே சொன்னாய். உன் அண்ணன் அதைக் கேட்டு நம்பினார். உன் மகளும் கேட்டு வளர்ந்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அதைச் சுமக்கிறவள் பதினெட்டு வயதுப் பெண்.

கடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் உயர்ந்துதான் இருந்திருக்கும், வாசலில் மாலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா உள்ளே வராமல் நின்றுவிட்டார். உன் அண்ணன் கல்லாவை மூடினார்.

"பேப்பர்ல என்ன இருக்கு டீச்சர்? பெயில்தானே?"

"பெயில்தான் அண்ணே."

"அம்மா ஏன் திரும்ப எழுதல ஆன்ட்டி?" என்று உன் மகள் கேட்டாள்.

நான் ஒரு முறை கேட்டபோது நீ பேச்சை மாற்றிவிட்டாய். வலித்ததா, அலுத்துவிட்டதா, இல்லை, ஒரு மனிதர் போட்ட கோட்டைத் தாண்ட உனக்கே மனமில்லையா? அவளுக்குச் சொல்ல ஏதாவது விட்டுப் போயிருக்கலாம் நீ.

"தெரியலம்மா," என்றேன்.

உன் அண்ணன் அவள் முன்னால் இருந்த ஊதுபத்திக் கட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. நான் அனுப்பறேன். இவளும் பெயிலானா?"

"பெயிலானா திரும்ப எழுதுவா. எழுதாம நான் விடமாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன் மகள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

உன்னை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண்ணீர் வருகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது, அந்த வாத்தியார்மேல் பாதி, உன்மேல் பாதி. காலம் போனால் ஆறிவிடும் என்கிறார்கள். திங்கட்கிழமை அவளைக் கல்லூரியில் சேர்க்க நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்குமாவது இது ஆற வேண்டாம்.