நிருபர் வெட்டிய வரை போதும்

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் கோச்சாக இருக்கும் வாலிபால் டீமுக்கே கேட்க வைத்துவிடுவீர்கள். அதனால்தான் வால்பாறைக்கு, கப் ஜெயித்த டீம் பிள்ளைகளின் பாராட்டு விழாவுக்கு அனுப்பும் முறுக்கு டப்பாவில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

"இந்தக் கப்புக்கு எம் பொண்டாட்டிதான் காரணம்." நீங்கள் இப்படிச் சொல்லும் வீடியோ பேஸ்புக் முழுக்க ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஷைலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, அண்ணன் இப்பிடியெல்லாம் பேசுவாருங்களா?"

சிரித்து வைத்தேன்.

பிறகு முழுப் பேட்டியையும் தேடிப் பார்த்தேன். "இந்தக் கப்புக்கு எம் பொண்டாட்டிதான் காரணம்னு சில கோச்சுங்க சொல்லுவாங்க. எனக்கு அப்பிடியெல்லாம் பேச வராதுங்க. ஆடுனது புள்ளைங்க." நிருபர் முதல் வரியில் பாதியை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்.

அந்த வீடியோவை நீக்கச் சொல்லி அவரோடு சண்டை போட்டீர்களாமே. வேண்டாங்க, இருந்துவிட்டுப் போகட்டும். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, நம் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உங்களைப் பாராட்டினார்.

விழா முடிந்து மெதுவாகவே வாருங்கள். வந்ததும், நிருபர் வெட்டிய அளவுக்கு மட்டும் என்னிடம் ஒருமுறை சொல்லுங்கள். மீதியை நான் இத்தனை வருஷமாகக் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
அந்தப் பாதி வரிக்குச் சொந்தக்காரி