பொத்தான் ஊர்களும் நூல் பாலங்களும்

பாய்,

டிரங்குப் பெட்டியிலிருந்து இன்று காலை அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். மாட்டும்போதே மேல் பொத்தான் அறுந்து விழுந்தது. மாற்றுப் பொத்தான் தேடி உங்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு, கடையைக் காலி செய்த அன்று உங்கள் அக்கா மகன் கொடுத்தது. சில பொத்தான்களில் இன்னும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கிறது.

எண்பதுகளில் மாரண்டஹள்ளிப் பள்ளிக்கு கிளார்க்காக வந்தபோது எனக்குப் பழக்கமானவர் தையல் கடை வைத்திருந்த நீங்கள் ஒருவர்தான். ஞாயிறு மதியம் துணி வெட்டும் மேசையில் பொத்தான்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் ஓர் எண் எழுதுவீர்கள். பொத்தான்கள் ஊர்கள், நூல்கள் பாலங்கள். எண் எத்தனையோ அந்த ஊருக்கு அத்தனை பாலம். இரண்டு ஊருக்கு நடுவே இரண்டுக்கு மேல் கூடாது. நூல் நெடுக்காகவோ குறுக்காகவோதான் போக வேண்டும், கோணலாகப் போகக் கூடாது, இன்னொரு நூலைத் தாண்டக் கூடாது. கடைசியில் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போக வழி இருக்க வேண்டும். நான் எடுத்த எடுப்பில் நடுவில் கைவைத்து மாட்டிக்கொள்வேன்.

“மூலையில இருந்து புடிங்க சார். மூலையில நாலுன்னா யோசிக்கவே வேணாம். பக்கத்துல ரெண்டே ஊரு, ஆளுக்கு ரெண்டு. மூணுன்னா ஆளுக்கு ஒண்ணாச்சும் நிச்சயம்.”

அதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு தப்பை மட்டும் வாராவாரம் செய்தேன். அருகருகே இரண்டு ஒன்றுகளைக் கண்டால் உடனே நூல் போட்டுவிடுவேன். நீங்கள் சிரிக்காமல் அதை எடுப்பீர்கள்.

“ஒண்ணையும் ஒண்ணையும் சேத்துடாதீங்க சார். ரெண்டுக்கும் அதோட முடிஞ்சுது. அப்பறம் மத்த ஊருக்கு அதுங்க எப்பிடிப் போவும்?”

எங்கள் ஊர் ஏரியூரில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அண்ணன் நான் இருக்க அவனுக்கு முதலில் முடிக்கிறார்களே என்று வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். நீங்கள் கேட்காமலே இந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்து, “வூட்டுக்குப் போயிட்டு வாங்க, தம்பிதானே” என்றீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை போனவன், நேராக உங்கள் கடைக்கே திரும்பி வந்தேன்.

“போயிருக்கலாம் சார்” என்றீர்கள். அன்று பொத்தான் பரப்பவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் இருக்கும்போது எனக்கு வேறு யார் எதற்கு?

உங்களுக்கும் பேச என்னை விட்டால் ஆள் இல்லை என்பது நீங்கள் போன பிறகுதான் உறைத்தது. இப்போது நாள் முழுக்க யாரோடும் பேசாமல் பொழுது போய்விடுகிறது பாய். ஏரியூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை விசாரித்துவிட்டேன். இன்று சட்டையை எடுத்ததும் அதற்குத்தான். பொத்தானைத் தைத்துவிட்டேன். சட்டை உடம்பில் தொளதொளக்கிறது. போகிற தைரியம் வருமா, தெரியவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒன்றுகள். உங்கள் மேசையில் வாராவாரம் போட்ட அதே தப்பான நூலைத்தான் நமக்கு நடுவிலும் போட்டிருக்கிறேன். ஆனாலும், எடுங்கள் என்று இன்றைக்கு நீங்களே வந்து சொன்னாலும், அந்த ஒரு நூலை நான் எடுக்க மாட்டேன்.