கேட்டதெல்லாம் தட்டில்

மார்ச் 4
"இந்த வயசுல எதுக்கும்மா ஸ்பானிஷ்?" நான் பாடப்புத்தகம் வாங்கி வந்த அன்று மகன் கேட்டான். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அத்தை, எங்கம்மா அடுத்த வாரம் சனிக்கிழமை ஊருக்குத் திரும்பிப் போறாங்களாம். என் பிரசவம் வரைக்கும்கூட இருக்க மாட்டாங்களாம். இங்க பேச ஆளும் இல்ல, செய்ய வேலையும் இல்லையாம்."
வேலை இல்லையா! ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த சம்பந்தியம்மா கத்தியைத் தொட்டாலே பிடுங்கிவைத்து, "நீங்க உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டியது யார்? விருந்தாளியாயிற்றே என்று நினைத்தேன். அவருக்கோ கதவைச் சாத்தியதுபோல் இருந்திருக்கிறது.

மார்ச் 5
சமையலறையை அவரிடம் விட்டுவிட்டேன். அவர் ரொட்டிக்கு மாவு பிசைய, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நான் எதிரில் மாணவி. ரொட்டி, பான். மாவு, அரீனா. பிசைந்துவிட்டால் அதுவே மாசா.

மார்ச் 7
"இது என்ன?" என்று ஸ்பானிஷில் கேட்க மருமகள் சொல்லித்தந்திருக்கிறாள். ரொட்டியின் மொறுமொறு மேல்தோலைத் தொட்டுக் கேட்டேன். "கொர்த்தேசா" என்றவர், அதை வெட்டி என் தட்டில் வைத்தார். உள்ளே மெத்தென்று இருப்பதைக் காட்டினேன். "மீகா." அதுவும் தட்டில். ஒரு துண்டு, ரெபனாதா. அது வெண்ணெயோடு வந்தது. பெயர் கேட்டால் பசி என்று எடுத்துக்கொள்கிறார்! வேண்டாம் என்பதற்கு இன்னும் பாடம் வரவில்லை.
மகன் சொல்கிறான்: "பாஷை வளருதோ இல்லையோ, டீச்சரம்மா நல்லா வளர்றீங்க."

மார்ச் 8
வயிறு மந்தம். பாடத்துக்கு விடுமுறை.

மார்ச் 11
சம்பந்தியம்மா கட்டிவைத்த பயணப் பெட்டி இன்னும் அவர் கட்டிலருகில்தான் நிற்கிறது. கேட்கவும் பயமாயிருக்கு. போயிடுவாங்களோ?

மார்ச் 12
இன்று நானே ரொட்டி சுட்டேன். அடிப்பக்கம் ஒரே கரி. ஆயுள் முழுக்க மற்றவர்களைத் திருத்தியவள், அசட்டுச் சிரிப்போடு நின்றேன். சம்பந்தியம்மா ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார். கருகிய இடத்தைத் தட்டிக் காட்டி, தமிழில், "இது என்ன?" என்றார்.
மருமகள் அவருக்கும் வகுப்பு எடுத்திருக்கிறாள், கள்ளி!
"கரி" என்றேன். அவர் வழக்கப்படியே வெட்டி அவர் தட்டில் வைத்தேன். கடகடவென்று சிரித்துவிட்டு, அதையும் தின்றார்.

மார்ச் 14, சனி
பெட்டி அலமாரிமேல் ஏறிவிட்டது. சமையலறையில் மாவு தட்டும் சத்தம்.
வீட்டுப்பாடம்: நாளைக் காலை ரொட்டியை எடுத்ததும் அதன் பெயரை வாய்விட்டுச் சொல். முதல் துண்டை எதிரில் இருப்பவர் தட்டில் வை.