ஏஜென்ட் மாற்றிச் சொன்ன பேச்சு

ஆனி 14, திங்கள்

நடவுக்கு வங்காளிகளைக் கூட்டிவரும் ஏஜென்ட் குமரேசன் என் பேச்சை மாற்றிச் சொல்லி என்னைக் கொடுமைக்காரனாக்கிவிட்டான். சாப்பிட்டுவிட்டு நடட்டும் என்றேன். நட்டு முடித்தால்தான் சோறு என்று அவர்களிடம் சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது! மூன்று மாதம் போனைப் பார்த்துப் படித்தும் மண்டையில் ஏறாத வங்காள பாஷை. நேற்றுதான் போதும் என்று விட்டிருந்தேன்.

வரப்பில் நின்று கத்தினேன்: "ஆகே காவ், பொரே காஜ்!" முதலில் சாப்பாடு, பிறகு வேலை. வயலே சிரித்தது. நாற்றோடு நின்ற வங்காளிப் பெண் ரஹிமா கைதட்டினாள்.

"ஏனுங்க, இதை எப்பப் படிச்சீங்க?" என்றான் குமரேசன்.

"உன்னைய நம்பாமப் படிச்சேன்."

நாளை அவன் எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்ல வேண்டும். ரஹிமா எனக்குத் தினமும் பத்து வார்த்தை சொல்லித்தர வேண்டும். அவன் மறுபடி மாற்றிச் சொன்னால், அந்தப் பாஷையிலேயே திட்ட நான் நாலு வார்த்தை கற்றுவைத்திருக்க வேண்டும்.