ஆயிரத்துத் தொண்ணூறில் கேட்ட சத்தம்

டேகு, 3 மார்ச் 1979

அன்புத் தம்பி யோங்கிலுக்கு,

மான்சிக் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். அறுபத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்துவிட்டேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மீன்கார அம்மா, "என்ன பெரியவரே, இப்பிடி வேர்க்குது, காதல் கடிதமா?" என்கிறார்.

பதினோரு வருடம் முன்பு, ரேடியோக்களைச் சோதிக்கும் சிக்னல் ஜெனரேட்டரைக் கெடுத்துவிட்டாய் என்று வாடிக்கையாளர் முன்னால் உன்னை என் சந்தை ரேடியோக் கடை வேலையைவிட்டுத் துரத்தினேன். அதன் முள்ளை ஆயிரம் கிலோசைக்கிளில் வைத்தால் ரேடியோவில் ஆயிரத்துத் தொண்ணூறில் சத்தம் வந்ததே, அதனால். பிறகு நீ ஒரு கடிதம் போட்டாய். பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம். போன வாரம்தான் நானே பிரித்துப் படித்தேன். ஆயிரத்தில் பிசகாமல் அதிரும்படி வெட்டிய கிரிஸ்டல் கல் ஒன்று வாங்கி, ஜெனரேட்டரை அதோடு ஒப்பிடச் சொல்லியிருந்தாய்.

வாங்கினேன். இரண்டையும் சேர்த்து ரேடியோவில் கேட்டேன். ஜெனரேட்டர் முள்ளைத் திருப்பத் திருப்ப, இரண்டும் மோதி எழுந்த விசில் இறங்கி, இரண்டும் ஒன்றானதும் அடங்கியது. முள் ஆயிரத்தில் நின்றது. சந்தோஷத்தில் ரேடியோவைத் தொண்ணூறு தள்ளி, ஆயிரத்துத் தொண்ணூறில் வைத்தேன். அங்கேயும் அதே விசில். அங்கேயும் முள் ஆயிரத்திலேயே அடங்குகிறது. தலை சுற்றுகிறது. எது பொய் சொல்கிறது?

மான்சிக்

போஹாங், 19 மார்ச்

திரு. பியோ மான்சிக் அவர்களுக்கு,

இங்கே மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களைப் பழுது பார்க்கிறேன். நலம்.

ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, கிரிஸ்டலை மட்டும் ஆயிரத்துத் தொண்ணூறில் கேளுங்கள். அந்தக் கிரிஸ்டலை நான் தொட்டதே இல்லை.

குக் யோங்கில்

டேகு, 2 ஏப்ரல்

தம்பி,

கேட்டேன். கிரிஸ்டல் தனியாகவும் அங்கே வருகிறது. ஆக, ஒன்றை இரண்டு இடத்தில் காட்டுவது ரேடியோவின் குணம். ஜெனரேட்டர் அன்றும் சரியாகத்தான் இருந்தது. நீ எதையும் கெடுக்கவில்லை.

சந்தையில் எல்லோரிடமும் சொன்னேன். தோ என்கிற பக்கத்துக் கடைக்காரன், "இத்தன வருஷம் கழிச்சு இத ஏன்யா சொல்ற? அவனே மறந்திருப்பான்" என்றான். மறந்துவிட்டாயா? மறந்திருந்தால் நல்லதா கெட்டதா, அதுவும் புரியவில்லை. மன்னித்தாயா என்று மட்டும் எழுது.

மான்சிக்

போஹாங், 20 ஏப்ரல்

பியோ அவர்களுக்கு,

மறக்கவில்லை. மன்னித்தேனா என்றால், எனக்கே தெரியவில்லை. கோபம் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை.

உங்கள் எழுத்து மையில் விழுந்த எறும்பு நடந்த மாதிரி. ஒரு பக்கம் படிக்கக் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. "சூப்பு ஆறுது, யாரு அப்பிடி எழுதியிருக்கா?" என்று மனைவி கேட்டாள். யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது: "எங்கண்ணன்."

யோங்கில்